இழையும் அயித்தையும்

அன்புள்ள ஐயா,

தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர். வேலை கோயம்புத்தூரில். போன மார்கழியில் எங்கள் நகரத்தார் வீடுகளில் எடுக்கும் பிள்ளையார் நோன்புக்கு ஊருக்குப் போனபோது வீட்டில் ஒரு வாக்குவாதம். மாவில் பதித்து ஏற்றிய நூல் இழையை நெருப்போடு விழுங்குவது மூடநம்பிக்கை என்றார் என் கணவர். அது நம் மதம், கேள்வி கேட்கக் கூடாது என்றார் ஆத்தா. சுடரின் சூடு கிருமியைக் கொல்லும், எல்லாம் அறிவியல்தான் என்றான் சித்தப்பா மகன். எனக்கோ இழையை வாயில் போட்டுக்கொள்ளும் அந்த ஒரு நொடியில் மனசு நிறைந்துவிடுகிறது. அதை ஆன்மிகம் என்று சொல்லலாமா? இன்னொன்றும் உறுத்துகிறது. வரும் தையில் தம்பிக்குக் கல்யாணம். எங்களைத் தூக்கி வளர்த்த அயித்தை, அப்பச்சியின் (அப்பாவின்) தங்கை, கணவரை இழந்தவர். திருப்பூட்டும் (தாலி கட்டும்) நேரத்தில் அவர் வீட்டின் உள்ளே, இரண்டாம் கட்டிலேயே இருந்துவிட வேண்டுமாம். அதுவும் மதம் என்கிறார் ஆத்தா. மதம், ஆன்மிகம், மூடநம்பிக்கை, இந்த மூன்றையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? (என் பெயர் வேண்டாம்.)

*

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரே இழைக்கு உங்கள் வீட்டில் நாலு பேர் நாலு பெயர் வைத்திருக்கிறீர்கள். ஒரு சடங்கை வெளியே நின்று பார்த்து இது மதம், இது மூடநம்பிக்கை என்று முத்திரை குத்த முடியாது என்பது என் எண்ணம். அது யாரிடம் என்ன கேட்கிறது, அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

நோன்பையே எடுத்துக்கொள்வோம். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள், புது வேட்டியில் நாளுக்கு ஓர் இழையாக உருவி வைத்து, சஷ்டியும் சதயமும் கூடும் நாளில் அந்த இழைகளைத் திரியாக்கி, வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த அரிசி மாவில் பதித்து ஏற்றுகிறோம். வீட்டுப் பெரியவர் எடுத்துக் கொடுக்க, சுடர் அணையுமுன் வாய்க்குள் போய்விடும். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போனபோது, நடுக்கடலில் புயலில் தவித்தவர்கள் வேண்டிக்கொண்ட நோன்பு என்று சொல்வார்கள். கதை நடந்ததா என்று ஆராய்வதில் எனக்கு ஆர்வமில்லை. பர்மா, இலங்கை, மலாயா என்று ஆண்டுக்கணக்கில் பிரிந்து கிடந்த குடும்பங்களுக்கு அது என்ன செய்திருக்கும் என்பதுதான் முக்கியம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இன்றும் கூடி இழை எடுத்துக்கொள்கிறார்கள். சிதறிக் கிடப்பவர்களை ஒரே நாளில் ஒரே பிள்ளையாருக்கு முன்னால் நிறுத்துவது மதத்தின் வேலை. ஆக, ஆத்தா சொன்னதில் பாதி சரி. கேள்வி கேட்கக் கூடாது என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்த நேரத்தில் உங்களுக்கு மனசு நிறைந்தது பாருங்கள், அது ஆன்மிகத்தின் வாசல். அது உங்களுடையது. பக்கத்தில் நின்ற தம்பிக்குக் கருப்பட்டிப் பணியாரத்தின் மேல் நினைப்பு இருந்திருக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் வாசலோடு நின்றுவிட்டால் அது வெறும் நல்ல உணர்ச்சி. உள்ளே போக உழைப்பு வேண்டும். காரைக்குடியை ஒட்டிய கோவிலூரில் 19ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க ஆண்டவர் தொடங்கிய வேதாந்த மடம் இருக்கிறது. தமிழிலேயே வேதாந்தம் சொல்லிக்கொடுத்த இடம். வேதாந்தம் படிப்பதென்றால் குருவுக்கு எதிரே உட்கார்ந்து, சந்தேகம் தீரும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேள்வி கேட்காதே என்கிற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

உங்கள் சித்தப்பா மகன் சொன்னதற்கு வருகிறேன். கண்ணிமைக்கும் நேரம் வாயில் படும் சுடர் எந்தக் கிருமியையும் கொல்லாது. வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்த மாதிரி விளக்கங்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. நோன்பு தன் காலில் நிற்கும். அதற்குப் பொய்யாக ஓர் அறிவியல் சான்றிதழ் வாங்கிக் கொடுப்பது நோன்புக்கும் மரியாதையில்லை, அறிவியலுக்கும் மரியாதையில்லை.

இனி அயித்தை. நோன்பு உங்களிடம் கேட்டது உங்கள் நாட்களை, உங்கள் நாக்கு பொறுக்கிற ஒரு துளிச் சூட்டை. அயித்தையை உள்ளே இருக்கச் சொல்லும் வழக்கம் உங்களிடம் எதையும் கேட்கவில்லை. அச்சம் உங்கள் வீட்டாருக்கு, விலை கொடுப்பது அயித்தை. மூடநம்பிக்கை என்று நான் சொல்வது இதைத்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவரை ராகு காலம் கழியட்டும் என்று காரில் ஏற்றாமல் வைத்திருக்கிறார்களே, அங்கேயும் இதே கணக்குதான். செவ்வாய் தோஷம் என்று ஒரு பெண்ணின் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பும்போதும் இதேதான்.

இப்படிப்பட்டது மதம் என்ற பெயரில் நிற்பது புதிதல்ல. சிறு பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டித் தேவதாசிகளாக விடுவதைத் தர்மம் என்றே பலர் நம்பினார்கள். அதை ஒழிக்கச் சட்டமன்றத்தில் போராடிய முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் நம் புதுக்கோட்டையில் பிறந்தவர். எதிர்த்துப் பேசிய சத்தியமூர்த்தியும் திருமயத்துக்காரர், பெரிய தேசபக்தர். கெட்ட எண்ணத்தில் எதிர்த்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தர்மத்துக்கு விலை கொடுத்தது ஒரு பெண் குழந்தை. 1947-இல் சென்னை மாகாணத்தில் அதைத் தடுக்கும் சட்டம் வந்தது. கோயில்கள் இருக்கின்றன, பூசை நடக்கிறது, சைவம் அப்படியே இருக்கிறது. மதத்துக்கு எந்த நஷ்டமும் வரவில்லை.

மதத்துக்குள் இருந்தே இதைச் சொன்னவரும் நம் பக்கத்தில் இருந்தார். குன்றக்குடி அடிகளார் (1925–1995) ஓர் ஆதீனத்தின் தலைவர், திருநீறும் காவியுமாக வாழ்ந்தவர். அதே சமயம் பெரியாரின் நண்பர். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிலையத்து விஞ்ஞானிகளின் துணையோடு தன் கிராமத்தில் தொழில்களைக் கொண்டுவந்தவர். அவரை நாத்திகர் என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

உங்கள் கணவரிடமும் ஒன்று சொல்லுங்கள். இழை யாரையும் வருத்தவில்லை. அதைக் கேலி செய்யும் நேரத்தில் கல்யாண விஷயத்தில் வாய் திறந்தால் புண்ணியமாகப் போகும். வீட்டு மாப்பிள்ளை சொல்லுக்கு நம் ஊரில் ஒரு மதிப்பு உண்டு.

ஆத்தாவோடு மதம் எது, சாஸ்திரம் எது என்று வாதாட வேண்டாம், ஜெயிக்க மாட்டீர்கள். அயித்தை வந்து நின்றால் தம்பிக்கு என்ன கெடுதல் வரும் என்று மட்டும் கேளுங்கள். அந்தத் தம்பியைத் தூக்கி வளர்த்த கை அது என்பது ஆத்தாவுக்குத் தெரியாதா என்ன? அப்புறம், இதையெல்லாம் தொடங்குவதற்கு முன்னால் அயித்தையிடம் தனியாக உட்கார்ந்து அவருக்கு விருப்பமா என்று கேட்டுவிடுங்கள். இத்தனை வருஷம் ஒதுங்கிப் பழகியவர், வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வார். அப்போது நீங்கள் போகாமல் கல்யாண மாப்பிள்ளையான தம்பியையே அனுப்புங்கள். திருப்பூட்டும்போது பக்கத்தில் இருங்கள் அயித்தை என்று அவன் கேட்கட்டும்.

அன்புடன்.