ஈர்ப்பு குறைந்த பின்னும் அன்பாக நடப்பது பாசாங்கா?

பாசாங்கு அல்ல. மனைவிமீது பழைய ஈர்ப்பு இல்லாதபோதும் அன்பாக நடந்துகொள்வது கடவுள்முன் பொய்யாகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்துத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையின் 1662ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தில், திருமண ஆராதனையின்போது குருவானவர் மணமகனிடம் 'இவளை நேசிக்கிறாயா' என்று கேட்பதில்லை; நோயிலும் சுகத்திலும் இவளை நேசித்து, ஆறுதல்படுத்தி, கனம்பண்ணிக் காப்பாயா என்றே கேட்கிறார். வேதாகமத்தில் பவுலின் நிருபமான எபேசியர் 5:25 கணவனுக்கு அன்பைக் கட்டளையாகவே இடுகிறது. உணர்ச்சியைக் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது, நடத்தையைக் கேட்கலாம்.

உங்கள் வறட்சிக்குக் கசப்பு காரணமாக இருக்கலாம். கொலோசெயர் 3:19, அன்புகூருங்கள் என்று சொன்ன கையோடு, மனைவிமேல் கசந்துகொள்ளாதிருங்கள் என்றும் எச்சரிக்கிறது. (இல்லறம் பற்றிப் பவுலுக்கு என்ன தெரியும் என்பவர்கள் இந்த வரியைப் படிக்கலாம்.)

ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். மின்கட்டணம் கட்ட மறந்தது போன்ற அற்ப விஷயத்தில் வாக்குவாதம் எழும்போது, உங்கள் வாயில் வருவது அன்றைய விஷயமா, அல்லது வளைகாப்பன்று மைத்துனர் பேசிய பேச்சா என்று கவனியுங்கள். பழைய கணக்குதான் வருகிறதென்றால், அந்த ஒன்றை மட்டும், உறவினர் எவருமின்றி, மனைவியிடம் அமைதியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். 1 கொரிந்தியர் 13:5 விலக்கச் சொல்வது இப்படிக் கணக்கு வைப்பதைத்தான்.

பிள்ளைகள், வேலை, உணவு என எதிலுமே நாட்டமில்லை என்றால் இது திருமணச் சிக்கலாக இல்லாமலும் இருக்கலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். மேலும், அடி உதை உள்ள வீட்டுக்கு இந்தப் பதில் பொருந்தாது: திருமண உடன்படிக்கையைக் காட்டி ஒருவரை அடி வாங்கச் சொல்ல எந்த ஆயருக்கும் உரிமையில்லை.