சுவரில் இருப்பதும் வானில் இருப்பதும்

வணக்கம் அய்யா,
மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். பொறியியல் கடைசி வருடம். வேற்றுலக நாகரிகங்களின் எண்ணிக்கையை மதிப்பிடும் டிரேக் சமன்பாட்டைப் போட்டுப் பார்த்ததில் நம் பால்வெளியில் மட்டும் பத்தாயிரம் நாகரிகங்கள் இருக்கலாம் என்று வருகிறது. என் ஆயுளுக்குள் அவர்களோடு தொடர்பு ஏற்படுமா? அல்லது ஏற்கெனவே ஏற்பட்டு அரசுகள் மறைக்கின்றனவா?
செந்தில்

அன்புள்ள செந்தில்,

மறைக்கும் கதையை விடுங்கள். மணல் லாரியையே மறைக்கத் தெரியாதவர்கள் பறக்கும் தட்டை எங்கே மறைக்கப்போகிறார்கள்?

வானியலாளர் டிரேக் 1961-ல் அந்தச் சமன்பாட்டை எழுதியது ஒரு கூட்டத்தில் எதையெல்லாம் பேசலாம் என்று வரிசைப்படுத்துவதற்காக. ஏழு காரணிகளில் இரண்டு மூன்றுதான் ஓரளவு தெரியும். மற்றதெல்லாம் நீங்கள் போட்ட எண். போட்டதுதானே வரும்?

ஆனால் அதில் கடைசிக் காரணி, ஒரு நாகரிகம் எத்தனை காலம் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும் என்பது, என்னைக் கொஞ்ச நாளாகவே படுத்துகிறது. 1974-ல் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து எம் 13 விண்மீன் கொத்துக்கு ஒரு செய்தி அனுப்பினார்கள். மூன்று நிமிடம்கூட இல்லை. போய்ச்சேரவே ஏறத்தாழ 25,000 ஆண்டுகள். அனுப்பிய தொலைநோக்கி 2020-ல் இடிந்து விழுந்துவிட்டது. பதில் வந்தால் யார் கேட்பது?

கேட்டாலும் படிப்பார்களா? தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1010-ல் முடிந்த கோயில். ராஜராஜன் சுவரெல்லாம் எழுதிவைத்தான்: கொடுத்த நகைகள், நொந்தா விளக்குக்கு, அதாவது அணையா விளக்குக்கு, விட்ட ஆடுகள், ஆடல் மகளிர் நானூறு பேரின் பெயர், யாருக்கு எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை. சந்திர சூரியர் உள்ளவரை இருக்கட்டும் என்று எழுதிய கணக்கு. ஒன்பது நூற்றாண்டுகூட ஆகவில்லை, கட்டியது யார் என்றே ஊருக்கு மறந்துவிட்டது. கரிகாலன் என்றது தலபுராணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஹூல்ஷ் என்ற ஜெர்மானியர் வந்து படித்த பிறகுதான் ராஜராஜன் என்று தெரிந்தது. வேற்று நட்சத்திரம் இல்லை தம்பி. அதே ஊர், அதே மொழி, தினமும் பக்கத்திலேயே நடந்துபோன ஜனங்கள்.

என் பெரியப்பா தமிழாசிரியர், மாலையானால் அந்தப் பிராகாரத்தைச் சுற்றாமல் இருக்கமாட்டார். சிறுவயதில் சுவரைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "ஏதோ ராஜா கணக்குடா. நிழல்ல நட, கால் சுடும்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கால் சுட்டது உண்மைதான்.

1977-ல் வாயேஜர் விண்கலங்களோடு போன தங்க முலாம் பூசிய ஒலித்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. தமிழ் இல்லை. அதற்காகக் கொதித்து அடுத்த கடிதம் போடாதீர்கள். இருக்கும் தமிழை நாம் படித்த லட்சணம் மேலே சொன்னதுதான்.

உங்கள் ஆயுளுக்குள் வருமா? வராது என்றே நினைக்கிறேன். சரி, உங்கள் ஊர் ராஜகோபால சுவாமி கோயிலில் கல்வெட்டுகள் இருக்கின்றன, ஒரு வரியாவது படித்திருக்கிறீர்களா? அந்த எழுத்தைச் சில வாரங்களில் பழகிவிடலாம். அடுத்த கடிதத்தில் ஒரு வரி எடுத்து எழுதுங்கள். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை.