துண்டித்த காலில் எரிவு, பனடோல் ஏன் கேட்கவில்லை?

2009இல் காலை இழந்த உங்கள் அப்பாவுக்கு, இல்லாத அந்தக் காலின் விரல்கள் எரிகின்றன, பனடோல் கேட்கவில்லை என்கிறீர்கள். வலி பாதியாகக் குறைந்தாலே அவருக்கு இரவுத் தூக்கம் திரும்பக்கூடும். தூங்கினால் சினமும் தணியும், தோட்டத்துப் பக்கமும் போவார். முற்றாக மறையும் என்று நம்பவைக்காதீர்கள்.

 இல்லாத விரல்கள் எரிவது நரம்பு வலி. பனடோலுக்குப் பெரும்பாலும் அடங்காது. அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்ற குளிசைகளை வைத்தியர் தருவார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம், மூன்று நாளில் சரிவரவில்லை என்று நிறுத்திவிட வேண்டாம்.

செயற்கைக் காலைக் கழற்றி, எஞ்சிய நுனியை விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஒரே இடத்தில் மின்சாரம் பாய்ந்தாற்போல் துடித்தால், வெட்டுண்ட நரம்பு அங்கே முடிச்சிட்டிருக்கலாம். கிளிநொச்சியில் கிளினிக்குக்குப் போகும்போது அந்த இடத்தையே காட்டுங்கள்.

இக்குளிசைகள் தூக்கக் கலக்கம் தரும். இரவில் தனியே கிணற்றடிக்கு விடாதீர்கள். வன்னியில் சிறுநீரக நோயும் உண்டே, அது அவருக்கு இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். கபாபென்டின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.