யூகலிப்டஸ் தைலம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சளி, இருமல் காலம் வந்துவிட்டால் இந்தத் தைலத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். மருந்தாளுநர் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

மூக்கடைப்புக்கு ஆவி பிடிக்க எத்தனை சொட்டு விடலாம் மேடம்?

ஒரு பாத்திரம் வெந்நீருக்கு இரண்டு மூன்று சொட்டு போதும். கூடுதலாக விட்டால் கண்தான் எரியும். கண்ணை மூடிக்கொண்டே பிடியுங்கள். மருந்துத் தரமுள்ள தைலத்தில் சினியோல் என்ற வேதிப்பொருள் 70 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கும். குளிர்ச்சியை உணரும் நரம்புகளை அது தூண்டுவதால் மூச்சு லேசானது போல இருக்கிறது. சளிக்குக் காரணமான கிருமியை அது விரட்டிவிடும் என்று நம்பாதீர்கள்.

எனக்குத் தைலத்தைவிட வெந்நீரைப் பற்றித்தான் பயம் அதிகம். பாத்திரம் மடியில் கவிழ்ந்து தொடை வெந்துபோவது அடிக்கடி நடக்கிற விபத்து. அடுப்பிலிருந்து இறக்கியதும் பிடிக்காமல் சற்று ஆறவிடுங்கள். பாத்திரத்தை ஆடாத மேசைமேல் வையுங்கள். சிறு பிள்ளைகளுக்கு இந்த முறையே வேண்டாம்.

நெபுலைசரில் ஒரு சொட்டு விடலாமா?

கூடவே கூடாது. எண்ணெய்த் துளி நுரையீரலுக்குள் போனால் அங்கே அழற்சி வரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இதன் நெடியே இழுப்பைத் தூண்டலாம்.

எட்டு மாதக் குழந்தைக்கு நெஞ்சில் தடவலாமா அக்கா? ராத்திரியெல்லாம் மூக்கடைத்துக்கொண்டு அழுகிறாள்.

வேண்டாம்மா. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இதைத் தடவாதீர்கள், முகத்திலும் மூக்கருகிலும் சுத்தமாகக் கூடாது. கடும் நெடி பட்டால் குழந்தையின் குரல்வளை திடீரென இறுகி மூச்சுத் திணறலாம். தலையணையில் தெளிப்பதும் வேண்டாம். பால் கொடுப்பதற்கு முன் சலைன் மூக்குச் சொட்டு விடுங்கள், அடைப்பு இளகும். மூச்சு வேகமாக வாங்கினாலோ, விலாவின் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

வெந்நீரில் சில சொட்டு விட்டுக் குடித்தால் நெஞ்சுச்சளி கரையும் என்கிறார்களே?

குடிக்காதீர்கள். இது தண்ணீரில் கரையாது. மேலே மிதந்து, நேராகத் தொண்டையைச் சுடும். குழந்தைகளுக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. அளவே வலிப்பு, மயக்கம் வரை கொண்டுபோகலாம். சினியோல் மாத்திரைகள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்பீர்கள். அவை அளவு கட்டித் தயாரித்த மருந்து. பாட்டில் தைலம் அதற்கு ஈடாகாது.

என் பையன் மூடியைத் திறந்து வாயில் வைத்துவிட்டான். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியவில்லை. வாந்தி எடுக்க வைக்கவா?

எடுக்க வைக்காதீர்கள்! தைலம் கெட்டியாக இல்லாமல் தண்ணீர் போல எளிதில் ஓடும். வாந்தியோடு மேலே வரும்போது மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலைப் புண்ணாக்கும். உப்புத் தண்ணீர், பால் எதுவும் புகட்ட வேண்டாம். வாயைத் துடைத்துவிட்டு, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மருத்துவர் அதை வைத்துத்தான் கணிப்பார். தூக்கம் சொக்கினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தள்ளாட்டமோ தூக்கக் கலக்கமோ தெரியும். சிலருக்குச் சில மணி நேரம் கழித்தும் வரும். அதனால் "இப்போது நன்றாகத்தானே விளையாடுகிறான்" என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். இதற்கென்று முறிவு மருந்து கிடையாது, கண்காணிப்புத்தான் சிகிச்சை.

மூட்டுவலிக்கு அப்படியே தேய்க்கலாமா?

கலந்து தேயுங்கள். 30 மி.லி. சமையல் எண்ணெயில் 12 சொட்டு விட்டால் ஏறக்குறைய 2 சதவீதம். முதலில் முன்கையின் உட்புறம் கொஞ்சம் தடவி ஒருநாள் பாருங்கள். சிவந்தால், அரித்தால் விட்டுவிடுங்கள். தேய்த்த இடத்தில் இறுக்கமாகக் கட்டுப் போடுவதும் சூடு வைப்பதும் கூடாது, தோல் வெந்துவிடும். வலி கொஞ்ச நேரம் மரத்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். மூட்டுத் தேய்மானம் அப்படியேதான் இருக்கும்.

எனக்கு வலிப்பு நோய் உண்டு. முகர்ந்தால் தப்பா?

தவிர்த்துவிடுங்கள். முகர்ந்தும் தடவியும்கூட வலிப்பு வந்ததாக மருத்துவப் பதிவுகள் உள்ளன.

வீட்டில் பூனை இருக்கிறது. அறையில் வாசம் பரப்பும் டிஃப்யூசரில் போடலாமா?

வேண்டாம். இத்தகைய எண்ணெய்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு. ரோமத்தில் படிந்ததை நக்கியே விழுங்கிவிடும்.

கொசுவுக்கு?

சாதாரணத் தைலம் சீக்கிரம் ஆவியாகிவிடும், நம்ப முடியாது. எலுமிச்சை வாசமுள்ள யூகலிப்டஸ் வகையிலிருந்து பிஎம்டி என்ற பொருளைச் செறிவாக்கிச் செய்யும் விரட்டி நன்றாக வேலை செய்யும். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதுவும் வேண்டாம்.

பழைய பாட்டில் இருக்கிறது, பயன்படுத்தலாமா? எப்படி வைப்பது?

வாசம் மாறியிருந்தாலோ பிசுபிசுப்பு தெரிந்தாலோ தோலில் தடவ வேண்டாம், ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகம். பிளாஸ்டிக்கில் ஊற்றி வைக்காதீர்கள், சில வகைகள் இளகிவிடும். நிறமிட்ட கண்ணாடிப் பாட்டிலில், இருமல் மருந்துகள் இருக்கும் தட்டில் வைக்காமல் தனியாக, பூட்டிய அலமாரியில் வையுங்கள். எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அடுப்பங்கரை வேண்டாம். பாட்டில் வாயில் சொட்டுச் சொட்டாக விழும் அடைப்பான் இருந்தால், ஊற்றச் சிரமமாக இருக்கிறதென்று பிடுங்கி எறியாதீர்கள். குழந்தை ஒரே மடக்கில் குடித்துவிடாமல் தடுப்பது அதுதான்.