அப்பாவின் ஆள் கணக்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

பர்மாவில், மோல்மேனில் தாத்தா கட்டிய வீட்டைச் சீர்செய்துகொண்டிருக்கிறேன். பிங்கடோ மரக் கால்கள், தேக்குப் பலகைச் சுவர், தகரக் கூரை. மச்சான்களும் கூட்டாளிகளும் வருவதாகச் சொன்னதால் கூலிச் செலவு இல்லை என்று ஆரம்பித்தேன். முதல் ஞாயிறு 9 பேர் வந்தார்கள். மூன்றாவது ஞாயிறு 2 பேர். சொந்தபந்தம் எல்லாம் வாய்ப்பேச்சுதான் போல. சென்னையில் இருக்கும் பெரியப்பா மகன் வீட்டை விற்றுவிடச் சொல்கிறார். என் கேள்வி, வெளிச்சுவருக்குப் பழையபடி கச்சா எண்ணெய் பூசுவதா, பெயிண்ட் அடிப்பதா?

ம.

அன்புள்ள தம்பி,

எண்ணெய்க்குக் கடைசியில் வருகிறேன். விற்பது உங்கள் குடும்பத்து விஷயம், அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ‘கூலிச் செலவு இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. போன வாரம்தான் அப்பாவின் பெட்டியை ஒழிக்கும்போது அவருடைய ஆள் கணக்கு நோட்டு கிடைத்தது. அதே நினைப்பாக இருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

2008 மே மாதம் நர்கிஸ் புயலில், ரங்கூன் பக்கத்துச் சிரியத்தில் எங்கள் வீட்டுக் கூரை பாதி பறந்துவிட்டது. மழைக்காலம் வாசலில் நிற்கிறது. தகரமும் ஆணியும் நாளுக்கு நாள் விலை ஏறுகின்றன. வயலில் கிடந்த தகரங்களைப் பொறுக்கி வந்து, கட்டையால் தட்டி நிமிர்த்தி, அதையேதான் திரும்பப் போட்டோம். வந்து உதவியவர்களில் பாதிப் பேருக்கு அவர்கள் வீட்டிலேயே கூரை இல்லை. அம்மா தினமும் ஒரு பெரிய சட்டியில் கருவாட்டுக் குழம்பு வைப்பார். ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்தில் அப்பா நோட்டை எடுப்பார். ‘சின்ன மாமா 4 நாள். பூசாரி மகன் அரை நாள். பக்கத்துச் சந்து பர்மாக்காரர் 3 நாள், ஏணியும் அவருடையது.’

என் சித்தப்பா மகன் ஒருவன் இரண்டு நாள் ஆணி அடித்தான். நெளித் தகரத்தில் ஆணியை மேட்டில் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அடித்தால் ஓடி வரும் தண்ணீர் அந்த ஓட்டை வழியாக உள்ளே இறங்கும். அவனுக்குத் தெரியவில்லை, எல்லாவற்றையும் பள்ளத்தில் அடித்துவிட்டான். அப்பா கீழிருந்து பார்த்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு மேலே ஏறினார். ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்கினார், ஓட்டைகளைத் தாரால் அடைத்தார், மேட்டில் திரும்ப அடித்தார். நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். நோட்டில் அவன் பெயருக்கு நேராக ‘2 நாள்’ என்றுதான் இருக்கிறது. இப்போது பார்க்கும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அப்புறம் வருஷக்கணக்காக அந்த நாட்களைத் திருப்பிக் கொடுத்தார். ஒருவர் வீட்டில் வேலி, ஒருவர் வீட்டில் கிணறு தூர் எடுப்பது. கொடுத்து முடித்த பெயரைக் கோடு போட்டு அடிப்பார். 2013இல் அவர் இறந்தபோது அடிக்காத பெயர் ஒன்றுதான், அந்தப் பர்மாக்காரர். அடுத்த கோடையில் அவர் பேரனுக்கு ஷின்பியு வைத்தார்கள். சின்னப் பையனுக்குப் புத்த பிக்குவின் சீவர உடுப்பு போட்டு மடத்துக்கு அனுப்பும் விசேஷம், உங்களுக்குத் தெரியாததல்ல. மூன்று நாள் போய்ப் பந்தலுக்கு மூங்கில் கட்டினேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்றார். ஏணியை நினைவுபடுத்தியதும் பேசாமல் கயிற்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

இப்போது உங்களைக் கேட்கிறேன். அந்த 9 பேர் வீட்டு வேலைக்கு நீங்கள் எத்தனை ஞாயிறு போனீர்கள்? கடிதத்தில் அதைக் காணோம். கல்யாணத்தில் ஒருவர் மொய் வைத்தால் எழுதி வைத்து, அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்கிறோம். ஒருவர் தன் ஒரே லீவு நாளை வெயிலில் உங்கள் கூரைமேல் கழித்தால் அது மட்டும் இலவசமா? வந்த நாளை எழுதி வைத்தீர்களா? மத்தியானம் என்ன சாப்பாடு போட்டீர்கள்? வராத 7 பேரில் ஒருவருக்காவது உடம்புக்கு என்ன என்று போன் செய்தீர்களா? வாய்ப்பேச்சு என்று அவர்களைச் சொல்வதற்கு முன் இதற்கெல்லாம் பதில் வேண்டும். கோபப்படாதீர்கள். ஊரைவிட்டுப் போகாமல் தாத்தாவின் வீட்டைக் கையால் தொட்டு வேலை செய்கிறவர் என்பதால்தான் உங்களிடம் இவ்வளவு உரிமையாகப் பேசுகிறேன்.

இன்னொன்று. உளுத்த காலை மாற்ற ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கப் போகிறீர்கள் என்றால் அதற்குக் கூலி கொடுத்து நல்ல ஆசாரியை வையுங்கள். கூட்டாளிகளை வீட்டுக்கு அடியில் அனுப்பவே கூடாது.

சரி, எண்ணெய். பல வருஷம் எண்ணெய் குடித்த பலகையில் பெயிண்ட் ஒட்டாது, உரிந்து வந்துவிடும். வெளியே கச்சா எண்ணெயே பூசுங்கள். பர்மியில் அதற்கு யேநான், நாற்றத் தண்ணீர் என்றுதானே பெயர், அதனால் உள்ளே வேண்டாம். மோல்மேனில் வருஷத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை, பலகை நன்றாகக் காய்ந்திருக்கும்போதே முடித்துவிட வேண்டும். ஏப்ரலில் தின்ஜான், அதாவது பர்மியப் புத்தாண்டு, லீவு வசதி. அதற்குள் அந்த 7 பேர் வீட்டுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். பலகைகளின் அடிமுனையில் இரண்டு தடவை பூசுங்கள், தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது அந்த இடம்தான்.