சோதித்தது ஒன்று, விற்பது ஒன்றா? – இ.எம்.சி. கேள்வி-பதில்

இ.எம்.சி. என்றால் ஒரு கருவி மற்ற கருவிகளுக்கு மின்காந்த இடைஞ்சல் தராமலும், தனக்கு வரும் இடைஞ்சலைத் தாங்கியும் வேலை செய்வது. இந்த முறை கடிதங்கள் அதிகம். ஒரே சந்தேகத்தை நாலைந்து பேர் கேட்டிருந்தால் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பேட்டரி சார்ஜர் டெஸ்டில் ஃபெயில் ஆகிவிட்டது. என்ன செய்யலாம்? அவசரம். (கோவை)

எந்த டெஸ்டில்? கண்டக்டட் எமிஷனா (வயர் வழியாக வெளியேறும் இரைச்சல்), ரேடியேட்டடா (காற்றில் பரவுவது), சர்ஜா (திடீர் மின்னழுத்த எழுச்சியைத் தாங்குவது)? எந்த ஃப்ரீக்வென்சியில், லிமிட்டுக்கு மேலே எத்தனை டிபி (டெசிபல்)? ஒன்றுமே சொல்லாமல் மருந்து மட்டும் கேட்கிறீர்கள். லேப் கொடுத்த கிராஃபும், கேபிள்கள் எப்படிக் கிடந்தன என்று தெரிகிற ஒரு போட்டோவும் இல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. போன முறையும் இதையே எழுதினேன்.

பொதுவாக மட்டும் சொல்கிறேன். 150 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1 மெகாஹெர்ட்ஸுக்குள் எகிறினால் முதலில் எக்ஸ் கப்பாசிட்டர் (ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே போடுவது) பக்கம் பாருங்கள். 5 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே என்றால் பெரும்பாலும் காமன் மோட், அதாவது இரண்டு வயரிலும் ஒரே திசையில் ஓடும் இரைச்சல்: சோக் (அதைத் தடுக்கும் சுருள்), ஒய் கப்பாசிட்டர் (வயரிலிருந்து எர்த்துக்கோ பாடிக்கோ போடுவது), டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிய விதம். 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ரேடியேட்டடில் தோற்றால் போர்டைத் தொடுவதற்கு முன் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். பத்தில் ஏழெட்டு முறை ஆன்டெனா வேலை பார்ப்பது அதுதான்.

கேள்வி: பீக்கில் லிமிட்டைத் தாண்டுகிறது. குவாசி பீக்கில் 2 டிபி கீழே. பாஸ்தானே?

ஆவரேஜும் லிமிட்டுக்குள் இருந்தால் பாஸ்தான். பீக் என்பது கண நேர உச்சம்; குவாசி பீக் இரைச்சல் எத்தனை முறை வருகிறது என்பதையும் எடைபோடும். பீக் ஸ்கேன் நேரத்தை மிச்சப்படுத்த. தீர்ப்பு குவாசி பீக்கிலும் ஆவரேஜிலும். ஆனால் ரேடியேட்டட் அளவீட்டில் லேபின் நிச்சயமின்மையே 5, 6 டிபி வரும். இன்று இங்கே 2 டிபி கீழே இருப்பது நாளை இன்னொரு லேபில் மேலே போகலாம். 6 டிபி கையில் இல்லாமல் நான் டிசைனை மூடியதில்லை.

கேள்வி: எங்கள் பில்லிங் மெஷின் கடைகளுக்குத்தான் போகிறது. கிளாஸ் ஏ போதாதா? (ஓசூர்)

ஐ.டி., மல்டிமீடியா கருவிகளின் எமிஷனுக்கான சர்வதேச ஸ்டாண்டர்டான சிஸ்பர் 32-இன் எழுத்துப்படி வீட்டுச் சூழலில் பயன்படும் கருவிக்கு கிளாஸ் பி, மற்றதற்கு ஏ. 10 மீட்டர் தூரத்தில், 230 மெகாஹெர்ட்ஸ் வரை ஏ-வின் லிமிட் 40, பி-யின் லிமிட் 30. அந்த 10 டிபியைத்தான் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறீர்கள். நம்மூர்க் கடைவீதியில் கீழே கடை, மாடியில் குடித்தனம். பி-க்கே டிசைன் செய்யுங்கள். ஏ போட்டால், வீட்டுச் சூழலில் ரேடியோ இடைஞ்சல் வரலாம் என்று கையேட்டில் எச்சரிக்கையும் அச்சடிக்க வேண்டும்.

கேள்வி: பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) ரிஜிஸ்ட்ரேஷன் வாங்கிவிட்டோம். இ.எம்.சி.யும் அதில் அடங்கியதுதானே?

இல்லை. எலக்ட்ரானிக்ஸ், ஐ.டி. பொருட்களுக்கான அந்தக் கட்டாயப் பதிவு பாதுகாப்பைப் பற்றியது: ஷாக், தீ, சூடு. டெலிகாம் கருவி என்றால் டி.இ.சி.யின் (தொலைத்தொடர்புத் துறையின் பொறியியல் மையம்) எம்.டி.சி.டி.இ. என்ற கட்டாயச் சோதனை, சான்றளிப்புத் திட்டம் தனியாக உண்டு, இ.எம்.சி. அதில் வரும். ரேடியோ இருந்தால், அலைவரிசைகளைக் கவனிக்கும் அரசுப் பிரிவான டபிள்யூ.பி.சி.யின் இ.டி.ஏ. (கருவி வகை ஒப்புதல்) தனி. மூன்றும் மூன்று கதவு.

கேள்வி: எஃப்.சி.சி. (அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம்) சான்று உள்ள வைஃபை மாட்யூலைத்தான் போட்டிருக்கிறோம். மறுபடி டெஸ்ட் எதற்கு?

மாட்யூலின் சான்று அதிலுள்ள டிரான்ஸ்மிட்டருக்கு மட்டும். பக்கத்தில் இருக்கும் உங்கள் ப்ராசஸர், எஸ்.எம்.பி.எஸ். (ஸ்விட்சிங் பவர் சப்ளை), டிஸ்ப்ளே கேபிள் இவற்றுக்கு யார் சான்று கொடுத்தார்கள்? அமெரிக்காவுக்கு அனுப்பினால் முழுப் பொருளையும் எஃப்.சி.சி.யின் பார்ட் 15 பி விதிக்குச் சோதிக்க வேண்டும். ஆன்டெனாவை மாற்றியிருந்தால் மாட்யூலின் சான்றே உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். ஐரோப்பாவில் மாட்யூல் சான்று என்ற சலுகையே இல்லை. அங்கே ரேடியோ உள்ள பொருளுக்கு ஐரோப்பிய யூனியனின் 2014/53 ரேடியோ டைரக்டிவ்தான், 2014/30 இ.எம்.சி. டைரக்டிவைக் குறிப்பிட்டு இணக்க டிக்ளரேஷன் எழுதாதீர்கள்.

கேள்வி: எங்கள் எல்.இ.டி. டிரைவர் எமிஷன் டெஸ்டில் பாஸ் ஆகி ரிப்போர்ட் கையில் இருக்கிறது. காமன் மோட் சோக்கை எடுத்துவிட்டால் பீஸுக்கு 14 ரூபாய் மிச்சம் என்கிறது பர்ச்சேஸ் பிரிவு. சர்க்யூட் வேலை செய்கிறது. ரிப்போர்ட் செல்லும்தானே?

செல்லாது. பேருக்குச் செல்லும் என்று யாராவது சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த ரிப்போர்ட் பேசுவது லேப் மேசையில் இருந்த ஒரு போர்டைப் பற்றி. சோக்கை எடுத்த நிமிஷமே அது வேறு போர்டு.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தயாரிப்பாளரின் டிரைவர் இரண்டு என் மேசைக்கு வந்தன. ஒன்று சோதனைக்குப் போன சாம்பிள், மற்றது கடையில் காசு கொடுத்து வாங்கியது. அதே மாடல் நம்பர், அதே லேபிள், ஐரோப்பிய விதிகளுக்கு இணக்கம் என்று சொல்லும் அதே சி.இ. முத்திரை. திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சாம்பிளில் எல்1 என்று அச்சடித்த இடத்தில் கறுப்பு வளையத்தில் இரண்டு சுற்று, பிசின் வைத்து ஒட்டி, கம்பீரமாக நிற்கிறது. கடைப் போர்டில் அதே எல்1-இல் ரெசிஸ்டர் காலிலிருந்து வெட்டிய இரண்டு கம்பித் துண்டுகளை வளைத்து சால்டர் செய்திருக்கிறார்கள். எக்ஸ் கப்பாசிட்டருக்கான துளைகளில் ஈயம் மட்டும் நிரம்பியிருக்கிறது, பொருள் இல்லை. மற்ற எல்லாம் அப்படியே. மின் லைனில் வரும் இரைச்சலை அளக்க உதவும் எல்.ஐ.எஸ்.என். போட்டு அளந்தால் சாம்பிள் லிமிட்டுக்கு 8 டிபி கீழே. கடைப் பொருள் 25 டிபி மேலே. 25 டிபி என்றால் வோல்டேஜில் ஏறக்குறைய 18 மடங்கு. மறந்துபோய் விட்டதில்லை அது. கம்பியை அளவாக வளைத்துப் போட ஒரு ஆளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

சி.இ. முத்திரையை லேப் கொடுப்பதில்லை. நீங்களே கையெழுத்துப் போட்டு, நீங்களே ஒட்டுகிறீர்கள். வரிசை உற்பத்தியில் கடைசிப் பீஸ் வரை இணக்கம் தொடர்வதை உறுதிசெய்ய வேண்டியது தயாரிப்பாளர் என்று 2014/30 டைரக்டிவ் வெளிப்படையாகவே சொல்கிறது. ஆவணங்களைப் பத்து வருஷம் வைத்திருக்கவும் சொல்கிறது. பத்தாவது வருஷம் ஒரு அதிகாரி கடையில் ஒரு பீஸ் வாங்கிப் பிரித்தால், ஃபைலில் இருக்கும் போட்டோவில் சோக் இருக்கும், அவர் கையில் இருக்காது. அப்போது பர்ச்சேஸ் பிரிவு வந்து நிற்காது. டிக்ளரேஷனில் இருப்பது யார் கையெழுத்தோ அவர்தான் நிற்க வேண்டும்.

14 ரூபாயைக் குறைக்க நேர்மையான வழி இருக்கிறது. ஸ்விட்சிங் வேகத்தைக் கொஞ்சம் தணியுங்கள், வேகமாக மாறும் கரண்ட் ஓடும் ஹாட் லூப்பைச் சிறிதாக்கி லேஅவுட்டைத் திருத்துங்கள், சின்ன சோக்கைப் போடுங்கள், மறுபடி அளந்து புது ரிப்போர்ட் வாங்குங்கள். கண்டக்டட் டெஸ்டுக்கு அரை நாள் போதும். சோதித்தது எதுவோ அதை விற்க வேண்டும். இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது.

கேள்வி: வீட்டில் குறிப்பிட்ட பல்பைப் போட்டாலே ரேடியோவில் மீடியம் வேவ் முழுக்க இரைச்சல். எனக்கு 71 வயது, காலைச் செய்தி கேட்பது ரேடியோவில்தான். (நாகர்கோவில்)

ஐயா, மேலே உள்ள கடிதத்தின் மறுமுனையில் இருப்பது உங்களைப் போன்றவர்கள்தான். மீடியம் வேவ் 531-இலிருந்து 1602 கிலோஹெர்ட்ஸ் வரை. பல்பின் டிரைவர் 50, 60 கிலோஹெர்ட்ஸில் ஸ்விட்ச் ஆனால் அதன் ஹார்மானிக்ஸ் அந்தப் பட்டை முழுக்க வரிசையாக விழும். வடிகட்டி இல்லாவிட்டால் வீட்டு வயரிங்கே ஆன்டெனா. ரேடியோவை பேட்டரியில் ஓடவிட்டு, பல்பிலிருந்தும் சுவரில் ஓடும் வயரிலிருந்தும் மூன்று மீட்டர் தள்ளி வைத்துப் பாருங்கள். குறையவில்லை என்றால் பல்பை மாற்றுவதுதான் வழி. புதிதை வாங்கும்போது சின்ன ரேடியோவைக் கடைக்கே எடுத்துப்போய், பல்பை எரியவிட்டுப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள்.

கேள்வி: மெட்டல் பாடியைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது. ஒய் கப்பாசிட்டரை எடுத்துவிடலாமா? (மதுரை, சிவகாசி)

எர்த் கொடுத்திருக்கிறீர்களா? இரண்டு கடிதத்திலும் அது இல்லை. எர்த் இல்லாவிட்டால், ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இருக்கும் ஒய் கப்பாசிட்டர்கள் பாடியைப் பாதி வோல்டேஜில், அதாவது 115 வோல்ட் அளவில் தூக்கி வைக்கும். 4.7 நானோஃபேரட் என்றால் உங்கள் விரல் வழியாகப் போவது 0.3 மில்லியாம்ப் சொச்சம். தீர்வு மூன்றாவது பின்னுக்கு உண்மையான எர்த். எடுத்துவிட்டால் எமிஷனில் தோற்பீர்கள். அதைவிட மோசம், "கிடைக்கவில்லை" என்று சாதாரண 1 கேவி டிஸ்க் கப்பாசிட்டரை அங்கே போடுவது. அது ஷார்ட் ஆனால் பாடியில் முழு ஃபேஸ் வந்து நிற்கும். ஒய் முத்திரை இல்லாததை அந்த இடத்தில் போடவே கூடாது.

கேள்வி: இ.எஸ்.டி. (நிலைமின் அதிர்ச்சி) டெஸ்டில் யு.எஸ்.பி. போர்ட்டில் 4 கேவி கான்டாக்ட் கொடுத்ததும் ரீசெட் ஆகிறது. மின்னழுத்த எழுச்சியை வெட்டும் டி.வி.எஸ். டயோடு போட்டும் பயனில்லை.

போட்டோ அனுப்பியதற்கு நன்றி, வேலை சுலபமாயிற்று. கனெக்டரின் ஷெல்லிலிருந்து பாடிக்கு 5 சென்டிமீட்டர் பச்சை வயர் போகிறதே, அதுதான் குற்றவாளி. வயருக்கு மில்லிமீட்டருக்கு 1 நானோஹென்றி என்று வைத்தால் 50 நானோஹென்றி. 4 கேவி-யில் முதல் முனை 15 ஆம்ப், ஏறும் நேரம் 1 நானோசெகண்டுக்கும் குறைவு. கணக்குப் போட்டால் அந்தத் துண்டு வயரிலேயே 750 வோல்ட் நிற்கிறது. டயோடு என்ன செய்யும்? வயரை வெட்டிவிட்டு, ஷெல்லைச் சுற்றிலும் பாடியோடு ஸ்பிரிங் விரல்களால் தொட வையுங்கள். பெயின்ட்டைச் சுரண்ட மறக்காதீர்கள்.

கேள்வி: சி.இ. எழுத்துகள் நெருக்கமாக இருந்தால் "சைனா எக்ஸ்போர்ட்" என்கிறார்களே?

அப்படி ஒரு முத்திரை கிடையாது. நெருக்கமாக இருந்தால் முத்திரையைத் தப்பாக அச்சடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: முதல் முறையாக லேபுக்குப் போகிறோம். எங்கே போவது, என்ன எடுத்துப்போவது? (திருச்சி)

சென்னை தரமணியில் மத்திய அரசின் சமீர் ஆய்வு மையம் இருக்கிறது, தனியார் லேபுகளும் உண்டு. எங்கே போனாலும் என்.ஏ.பி.எல். (லேபுகளுக்கு அங்கீகாரம் தரும் வாரியம்) ஸ்கோப் தாளில் உங்களுக்கு வேண்டிய ஸ்டாண்டர்டின் நம்பர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சுவரில் மாட்டிய சான்றிதழ் மட்டும் போதாது.

இரண்டு சாம்பிள், விற்கும்போது கொடுக்கிற அதே கேபிள், அதே அடாப்டர். எல்லா வேலையையும் ஒரே நேரத்தில் ஓடவிடும் டெஸ்ட் சாஃப்ட்வேர், அதை மாற்றத் தெரிந்த ஆள். சால்டரிங் அயர்ன், காப்பர் டேப், நாலைந்து விதமான ஃபெரைட் (கேபிளில் மாட்டும் காந்தப்பொருள் வளையம்), எக்ஸ், ஒய் கப்பாசிட்டர்கள். சர்ஜ் டெஸ்டைக் கடைசி நாளுக்கு வையுங்கள், போர்டு போனாலும் மற்ற டெஸ்ட் முடிந்திருக்கும். அங்கே ஃபெரைட் மாட்டித்தான் பாஸ் ஆனது என்றால் அந்த ஃபெரைட்டின் பார்ட் நம்பரையும், எத்தனை சுற்று, கனெக்டரிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்பதையும் அன்று மாலையே பி.ஓ.எம்.மில் (பாகங்களின் பட்டியல்) ஏற்றிவிடுங்கள்.