“இதுக்கெல்லாம் டாக்டர்கிட்ட போகணுமா?” – மனசு சம்பந்தமா வாசகர் கேள்விகள்

இந்த மாசம் வந்த கடிதங்கள பிரிச்சு வெச்சுப் பாத்தா முக்கால்வாசியில ஒரே வரிதான் வேற வேற மாதிரி இருக்கு. “இதுக்கெல்லாம் போகலாமா, இல்ல நான்தான் ஓவரா பண்றேனா”. அதுல பாதி மெயில் ராத்திரி ரெண்டு மணிக்கு மேல அனுப்பினது, அதையும் கவனிச்சேன். பேர், ஊர், வேலை செய்யற எடம் எல்லாத்தையும் எடுத்துட்டேன், பயப்படாம படிங்க.

“மேடம், எனக்கு 34 வயசு. சொல்லிக்கிற மாதிரி ஒரு பிரச்சனையும் இல்ல. வேலை இருக்கு, வீட்டுக்காரர் நல்லவரு, பையன் நல்லா படிக்கிறான். ஆனா ஒரு மாசமா விடியக்காலம் மூணரைக்கே முழிப்பு வந்துடுது, அப்புறம் தூக்கமே இல்ல. போன் அடிச்சா எடுக்கப் பிடிக்கல, அம்மா கூப்பிட்டா கூட. அழுகையும் வரல. எவ்ளோ பேரு எவ்ளோ கஷ்டப்படறாங்க, எனக்கென்ன குறைச்சல்னு என்மேலயே கோவமா வருது. இதுக்கு டாக்டர்கிட்ட போனா சிரிக்க மாட்டாங்களா?”

சிரிக்க மாட்டாங்க. இந்த வாரமே போங்க.

கஷ்டம்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கணும், காரணம் காட்ட முடியலன்னா கஷ்டப்பட நமக்கு உரிமை இல்லன்னு யாரோ நமக்கு சொல்லிக் குடுத்து வெச்சிருக்காங்க. டிப்ரெஷன் அப்படி ரசீது கேட்டுட்டு வர்றது இல்ல. நல்ல வேலை, நல்ல குடும்பம் எல்லாம் இருக்கும்போதே வரும், அப்படி வரும்போதுதான் ஆளு ரொம்ப லேட்டா டாக்டர்கிட்ட போறாங்க, ஏன்னா நீங்க இப்ப பண்ற மாதிரி தன்னையே குற்றவாளிக் கூண்டுல ஏத்தி விசாரிச்சுட்டு இருப்பாங்க. உங்க கோவம் இருக்கு பாருங்க, அதுவே கூட அறிகுறியா இருக்கலாம்.

டாக்டருங்க பாக்கற அளவு ரெண்டு வாரம். கிட்டத்தட்ட தினமும், நாளோட பெரும்பகுதி, மனசு சோர்ந்து கெடக்கணும், இல்லன்னா முன்னாடி பிடிச்சது எதுலயும் ஈடுபாடு இல்லாம போயிருக்கணும். இந்த ரெண்டுல ஒண்ணாவது கண்டிப்பா இருக்கணும். கூட தூக்கம், பசி, அசதி, கவனம் நிக்காம போறது, எல்லாமே மந்தமாகறது இல்ல இருப்புக் கொள்ளாம தவிக்கிறது, தேவையில்லாத குற்ற உணர்ச்சி, சாவு பத்தின நெனப்பு, இப்படி மொத்தம் 9ல 5 இருந்தா டிப்ரெஷனான்னு பாப்பாங்க. நீங்க எழுதினதுலயே மூணு எண்ணிட்டேன், கேட்டா இன்னும் வரும்னு நெனைக்கிறேன். விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே முழிச்சுக்கறது டிப்ரெஷன்ல நல்லாத் தெரிஞ்ச அறிகுறி, நீங்க அத சும்மா தூக்கப் பிரச்சனைன்னு நெனச்சிருப்பீங்க. அழுகை வராததுலயும் ஆச்சரியம் இல்ல, நெறைய பேருக்கு சோகமா இருக்காது, மரத்துப் போன மாதிரிதான் இருக்கும்.

பிஎச்க்யூ-9னு ஒரு கேள்வித்தாள் இருக்கு, 2001ல வெளியானது, இன்னிக்கும் உலகம் பூரா டாக்டருங்க அத யூஸ் பண்றாங்க. 9 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 3 வரைக்கும் மார்க், மொத்தம் 27. 10ஓ அதுக்கு மேலயோ வந்தா டாக்டர பாக்கணும்னு வெச்சுக்கோங்க. ஆனா ஒம்பதாவது கேள்வி, செத்துட்டா நல்லா இருக்கும்னு தோணுதாங்கறது, அதுல 1 விழுந்தா கூட மொத்த மார்க் எவ்ளோங்கறத விட்டுட்டு போங்க. இது சல்லடை மாதிரிதான், இதுவே நோய முடிவு பண்ணிடாது.

நான் என்கிட்ட வர்றவங்ககிட்ட வேற ஒண்ணும் கேப்பேன். ஆறு மாசத்துக்கு முன்னாடி பண்ணிட்டிருந்தது, இப்ப விட்டது என்னென்ன? காலைல நடக்கறது போச்சு, படிக்கிறது போச்சு, ஃப்ரெண்டுக்கு மெசேஜ் போடறது போச்சு, அம்மா போன எடுக்கறதும் போச்சு. வேலைக்குப் போறீங்க, சமைக்கறீங்க, வெளில இருந்து பாக்கறவங்களுக்கு எல்லாம் ஓடிட்டுதான் இருக்கு, ஆனா உள்ள ஒவ்வொரு ரூமா லைட் அணையுது. எவ்ளோ கஷ்டமா இருக்குன்னு யோசிச்சா பதில் கெடைக்காது, எவ்ளோ சுருங்கிட்டேன்னு எண்ணிப் பாருங்க, அது கெடைக்கும்.

முதல்ல மனநல டாக்டரத்தான் பாக்கணும்னு இல்ல, வழக்கமா காய்ச்சலுக்குப் போற டாக்டர்கிட்டயே ஆரம்பிங்க. தைராய்டு சுரப்பு கம்மியா இருந்தாலும், ரத்த சோகை இருந்தாலும், பி12 குறைஞ்சாலும் இதே மாதிரி அசதியும் சோர்வும் வரும், அத ஒரு ரத்தப் பரிசோதனையில பாத்துடலாம். (நான் இந்த வேலைல இருந்துட்டே எனக்குன்னு வந்தப்போ நாலு மாசம் தள்ளிப் போட்டவ. அதனால உங்களத் திட்ட எனக்கு யோக்கியதை இல்ல.)

“அக்கா, சைக்காலஜிஸ்ட், சைக்யாட்ரிஸ்ட், கவுன்சிலர், தெரபிஸ்ட்னு நாலு பேரு சொல்றாங்க, யாருகிட்ட போறதுன்னே புரியல. ஒரு கவுன்சிலர்கிட்ட ரெண்டு தடவை போனேன், அவரு பாதி நேரம் அவரு எப்படி முன்னேறினாருன்னு சொல்லிட்டிருந்தாரு. எனக்கு கவுன்சிலிங் செட் ஆகாதுன்னு விட்டுட்டேன். – 26 வயசு”

தம்பி, உனக்கு செட் ஆகாதது கவுன்சிலிங் இல்ல, அந்த ஆளு.

சைக்யாட்ரிஸ்ட்னா மருத்துவம் படிச்ச டாக்டர், மாத்திரை எழுதுவாரு. சைக்காலஜிஸ்ட் மனோதத்துவம் படிச்சவங்க, அதுல க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா நோயாளிங்களோட வேலை பாக்க தனியா பயிற்சி எடுத்திருப்பாங்க, பேசி குணப்படுத்தறதுதான் அவங்க வேலை, பெரும்பாலும் மாத்திரை எழுத முடியாது. கவுன்சிலர், தெரபிஸ்ட்ங்கற பேருக்கு பல நாட்டுல சட்டப்படி எந்தக் கட்டுப்பாடும் கெடையாது, ஒரு வாரம் ஆன்லைன் கோர்ஸ் முடிச்சவரும் போர்டு மாட்டலாம், பத்து வருஷம் அனுபவம் உள்ளவங்களும் அதே போர்டுதான் மாட்டிருப்பாங்க. அதனால போன்லயே கேட்டுடு. என்ன படிச்சிருக்கீங்க, எங்க பதிவு பண்ணிருக்கீங்க, என் மாதிரி பிரச்சனைக்கு எந்த முறையில வேலை பாப்பீங்க. நல்லவங்க இதுக்கு கோச்சுக்க மாட்டாங்க, கோச்சுக்கிட்டா ஃபீஸ் மிச்சம்.

தூக்கமே போச்சு, சாப்பாடு எறங்கல, வேலைக்குப் போக முடியல, யாரோ பேசற மாதிரி குரல் கேக்குதுன்னா நேரா சைக்யாட்ரிஸ்ட். ஒரே யோசனை சுத்தி சுத்தி வருது, பயம், உறவுல சிக்கல், ஆனா நாள் ஓடுதுன்னா சைக்காலஜிஸ்ட்டுல ஆரம்பிக்கலாம். தப்பான கதவத் தட்டிட்டா ஒண்ணும் ஆகாது, ஒழுங்கான ஆளா இருந்தா அவங்களே சரியான எடத்துக்கு அனுப்புவாங்க.

முதல் செஷன்ல பெரும்பாலும் உன் கதைய கேட்டு குறிச்சுக்குவாங்க, அன்னிக்கே மனசு லேசாகணும்னு எதிர்பாக்காத. சிபிடின்னு ஒண்ணு கேள்விப்பட்டிருப்ப, 1960கள்ல ஆரன் பெக்ங்கற டாக்டர் உருவாக்கினது, தானா ஓடற எண்ணங்கள புடிச்சு சோதிச்சுப் பாக்கற முறை. அது சுமாரா 12ல இருந்து 20 செஷன் வரைக்கும் போகும், வீட்டுப்பாடமும் உண்டு. ஆனா எந்த முறையா இருந்தாலும் மூணு நாலு தடவை போயும் இவருகிட்ட சொன்னா தப்பா நெனப்பாருன்னு நீ வார்த்தைய முழுங்கிட்டே இருந்தன்னா அத அவருகிட்டயே ஒரு தடவை சொல்லிப் பாரு, சரி ஆகலன்னா மாத்திடு. தன் கதையவே சொல்றவரு, உன் விஷயத்த உன் வீட்டுல போய் சொல்றவரு, இவங்களுக்கு அந்த ஒரு தடவையும் குடுக்காத. நீ சொல்றத அவங்க வெளில சொல்லக் கூடாது. உன் உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்து, குழந்தைக்கு கொடுமை நடக்குது, கோர்ட் கேக்குது, இந்த மாதிரி சில விஷயத்துக்கு மட்டும்தான் விதிவிலக்கு, அதையும் முதல் நாளே உனக்கு சொல்லிருக்கணும்.

“மாத்திரை ஆரம்பிச்சா வாழ்நாள் பூரா போடணும், அடிமை ஆயிடுவோம்ங்கறாங்களே, உண்மையா?”

டிப்ரெஷனுக்கு இப்ப அதிகமா குடுக்கற எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைக்கு போதை மாதிரி ஏக்கம் வராது, டோஸ் ஏத்திட்டே போகவும் தோணாது. அடிமையாக்கற ஆபத்து உள்ளது தூக்கத்துக்கும் பதட்டத்துக்கும் குடுக்கற பென்சோடயஸபின் வகை, அதனாலதான் அத கொஞ்ச நாளைக்கு மட்டும் எழுதுவாங்க. நம்ம ஆளுங்க ரெண்டையும் ஒண்ணாக்கி “தூக்க மாத்திரை”னு பேர் வெச்சுட்டாங்க, பாதி பயம் அந்தப் பேரால வந்தது.

சிக்கல் வேற எடத்துல இருக்கு. வாந்தி வர்ற மாதிரி இருக்கறது, தலைவலி எல்லாம் முதல் வாரமே வந்துடும், பலன் தெரிய ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூட. அந்த எடைவெளியிலதான் நெறைய பேரு நிறுத்திடறாங்க. இன்னும் சில பேரு நல்லானதும் நிறுத்திடறாங்க. சரியானப்புறமும் குறைஞ்சது ஆறு மாசம் போடச் சொல்றது திரும்ப வராம இருக்கறதுக்கு. டக்குனு நிறுத்தினா தலை சுத்தும், உடம்புக்குள்ள ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கும், அதனால டாக்டர் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். 25 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு ஆரம்பத்துல சிலருக்கு தற்கொலை எண்ணம் கூடலாம்னு 2007ல இருந்தே எச்சரிக்கை இருக்கு, முதல் சில வாரம் வீட்டுல ஒருத்தர் கூட இருந்து கவனிங்க, டாக்டரயும் சீக்கிரம் சீக்கிரம் பாருங்க.

“திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிக்கும், மூச்சு முட்டும், செத்துடுவேன்னு தோணும். மூணு தடவை ஈசிஜி எடுத்தாச்சு, நார்மல்ங்கறாங்க.”

இதயத்துல ஒண்ணும் இல்லன்னு பாத்தது நல்லது, இனி பேனிக் அட்டாக்கானு கேளுங்க. அது பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போகும், அப்புறம் மெதுவா எறங்கிடும். சிபிடி இதுக்கு நல்லா வேலை செய்யும். திரும்ப வந்துடுமோன்னு பயந்து பஸ், கூட்டம், லிஃப்ட்னு ஒவ்வொண்ணா தவிர்க்க ஆரம்பிச்சிருந்தீங்கன்னா சீக்கிரம் போங்க, அந்த தவிர்க்கறதுதான் பெருசா வளரும்.

“என் வீட்டுக்காரர் ரெண்டு மூணு தடவை நான் இல்லாம இருந்தா எல்லாருக்கும் நிம்மதின்னு சொல்லிட்டாரு. சும்மா வாய்ல வந்ததா இருக்கும்னு விட்டுட்டேன். கேட்டா இல்லாத எண்ணத்த நாமளே கெளப்பி விட்ட மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்கு.”

ஆகாதும்மா. கேக்கறதால அந்த எண்ணம் வர்றதில்ல, இது ஆராய்ச்சியில திரும்பத் திரும்ப பாத்த விஷயம். இன்னிக்கே கேளுங்க, சுத்தி வளைக்காம. “செத்துடலாம்னு தோணுதாங்க?” ஆமான்னாருன்னா, எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கீங்களா, எப்பன்னு நெனச்சிருக்கீங்களான்னு கேளுங்க. வழி, நேரம் ரெண்டும் சொல்றாருன்னா தனியா விடாதீங்க, வீட்டுல சேத்து வெச்சிருக்க மாத்திரை, விஷ மருந்து எல்லாத்தையும் எடுத்து வேற வீட்டுல குடுத்துடுங்க, நேரா ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைக்கு கூட்டிட்டுப் போங்க. அப்பாயின்ட்மென்ட் கெடைக்கட்டும்னு காத்திருக்கற விஷயம் இல்ல இது. முன்னாடியே முயற்சி பண்ணிருந்தா, குடி கூடிருந்தா, பிடிச்ச பொருள ஆளுக்கு ஒண்ணா குடுத்துட்டிருந்தா, ரொம்ப நாள் துடிச்சவரு திடீர்னு அமைதியாயிட்டாருன்னா இன்னும் உஷாரா இருங்க. இது யார்கிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் கேட்டா பண்ணாதீங்க.

“பிள்ளைங்கள நெனச்சுப் பாருங்க”ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, ஏற்கனவே பாரம்னு நெனைக்கறவருக்கு அது இன்னொரு பாரம். கேளுங்க, அவ்ளோதான். 1953ல லண்டன்ல சாட் வாராங்கற பாதிரியார் தற்கொலை எண்ணத்துல இருக்கறவங்களுக்காக ஒரு போன் லைன் ஆரம்பிச்சாரு, சமாரிட்டன்ஸ்னு பேரு. அவர நேர்ல பாக்க வந்தவங்க வெயிட் பண்ற நேரத்துல சாதாரண தொண்டர்கள் டீ குடுத்து பேச்சுத் துணையா உக்காந்திருப்பாங்க. கொஞ்ச நாள்ல பாத்தா நெறைய பேரு அந்தத் தொண்டர்கள்கிட்ட மனசு விட்டுப் பேசிட்டு பாதிரியாரயே பாக்காம எழுந்து போயிட்டிருந்தாங்க. அடுத்த வருஷமே அவரு அந்த வேலைய தொண்டர்கள் கைல குடுத்துட்டாரு. உங்க நாட்டு ஹெல்ப்லைன் நம்பர இப்பவே போன்ல சேவ் பண்ணுங்க, அவருக்காக நீங்களும் அதுல கூப்பிட்டு என்ன பண்றதுன்னு கேக்கலாம். அப்புறம் உங்களுக்கும் ஒருத்தர் வேணும், இத தனியா சுமக்காதீங்க.

“தைரியமா டாக்டர்கிட்ட போயிட்டேன் மேடம். என்ன பிரச்சனைன்னு கேட்டாரு. வாய் அடைச்சுப் போச்சு. தலைவலின்னு சொல்லி மாத்திரை வாங்கிட்டு வந்துட்டேன்.”

நெறைய பேரு இப்படித்தான், வாசல் வரைக்கும் போயிட்டீங்க இல்ல. அடுத்த தடவை பேச வேணாம், எழுதி எடுத்துட்டுப் போங்க. எத்தனை நாளா, ராத்திரி எத்தனை மணி நேரம் தூக்கம், எதெல்லாம் விட்டுட்டேன், சாகணும்னு தோணுதா இல்லையா, இப்ப போடற மாத்திரை என்னென்ன, குடி உண்டா, குடும்பத்துல யாருக்காவது இருந்திருக்கா. எப்பவாவது தூக்கமே தேவைப்படாம நாலஞ்சு நாள் ஏகப்பட்ட தெம்போட, காசு செலவு பண்ணிட்டு, நிக்காம பேசிட்டு இருந்திருந்தீங்கன்னா அதையும் எழுதுங்க, அது வேற நோயோட அறிகுறியா இருக்கலாம், மருந்தே மாறிடும். பேப்பர டேபிள் மேல வெச்சு “இத படிங்க டாக்டர், எனக்கு சொல்ல வரல”ன்னு மட்டும் சொல்லுங்க. அதுவும் வரலன்னா அந்த வரியையும் பேப்பர்லயே மேல எழுதிடுங்க.